கூடுதலாக ஓர் அடி

நாற்பது வருடங்களாக மேடையேறும் அந்த ராக் இசைக்குழு அவ்வளவாக எடுபடாத தன் பழைய பாட்டு ஒன்றைத் தொடங்கியதும், ரசிகர்கள் வழக்கம்போல டீக்கடைக்குக் கிளம்பினார்கள். அந்தப் பாட்டின் பதிவில் டிரம்ஸ் வாசித்து, பிறகு குழுவை விட்டு விலகிய ரெஜினால்டும் வரிசையில் நின்றார். யாருக்கும் அவரை அடையாளம் தெரியவில்லை.

“சர்க்கரை இல்லாம ஒரு டீ.”

பாட்டின் தாளத்துக்கே டீ ஆற்றிக்கொண்டிருந்த மாஸ்டர், ஓரிடத்தில் டம்ளரை உயர்த்தியபடியே நின்று முகம் சுளித்தார்.

“இங்க ஒரு அடி கூடுதலா விழணும் சார். கேசட்டுல அப்படித்தான் இருக்கு. அதுதான் அழகே. இப்ப வாசிக்கிறவரு விட்டுர்றாரு.”

அது ரெஜினால்டு பதிவின்போது கணக்குத் தவறி அடித்தது. முப்பது வருடங்களாக அதை நினைத்துக் கூசியிருக்கிறார்.

“மாஸ்டர், சர்க்கரை போட்டே குடுங்க,” என்றார்.