பதில் சொன்னவர்

ஜெசிந்தாவின் பட்டத்தோடு பல்கலைக்கழகம் இன்னொரு தாளும் கொடுத்திருந்தது. படித்து முடித்தவர்களை வருடா வருடம் போனில் கூப்பிட்டு, இப்போது என்ன செய்கிறாய் என்று விசாரிப்பார்கள். வரப்போகும் ஐந்து வருடத்துப் பதில்களும் அந்தத் தாளில் முன்கூட்டியே அச்சாகியிருக்கும். இதுவரை யாருக்கும் ஒன்றுகூடப் பொய்த்ததில்லை.

பஸ்ஸிலேயே படித்துவிட்டவள், வீட்டுக்கு வந்ததும் அதைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்தாள். அம்மாவின் கையில் சிக்கிவிட்டது.

“முதல் வருசம் கோயம்புத்தூர்ல வேலை. ரெண்டாவது வருசம் மேல்படிப்பு, ஜெர்மனி. ஏட்டி, ஜெர்மனியாம்ட்டி!”

“போதும், குடும்மா” என்று ஜெசிந்தா கை நீட்டினாள். அம்மா விடவில்லை.

“மூணாவது வருசம் வேலையும் இல்ல, படிப்பும் இல்ல. பதில் சொன்னவர்னு என் பேரைப் போட்டிருக்கு. நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் ஒண்ணும் எழுதாத வெறும் கட்டம்தான்.”

அம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சிரித்தபடியே நிமிர்ந்தாள்.

“உனக்கு வர்ற போனை நான் ஏன் எடுக்கேன்? அப்போ நீ எங்கட்டி போயிருப்ப?”