படத்தில் விழக் கூடாத பெயர்

மண்ணில் பிறந்தாலும் மனிதன் விண்ணுக்கே சொந்தம் என்று நேரலையில் முழங்கினார் முதலாளி அனந்தநாராயணன். விண்கலம் அவருடையது. அதைத் தூக்கிப்போகும் ராக்கெட் மட்டும் போட்டிக் கம்பெனியுடையது. அவர்கள் பெயர் படத்தில் விழாதபடி, ராக்கெட் படுத்துக் கிடந்தபோதே அதன் மேல் பெரிய ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி மறைத்திருந்தார். புறப்படச் சில நிமிடங்களே இருந்தன. கலத்துக்குள்ளிருந்து வீராங்கனை மெர்லினின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது.

"சார், உங்க ஸ்டிக்கர் காத்து வெளியேறுற துளையை அடைச்சிருக்கு. டேங்க்ல அழுத்தம் ஏறுது. உரிக்கச் சொல்லுங்க."

"ஊரே பாக்குதும்மா. கொஞ்சம் பொறுத்துக்கோ."

"வெடிச்சாலும் ஊரே பாக்கும் சார்."

முதலாளி வியர்வையைத் துடைத்தபடி, உரிக்கச் சொல்லிக் கையசைத்தார். ஆட்கள் ஓடினார்கள். நிமிர்ந்து நிற்கும் ராக்கெட்டில் அவ்வளவு உயரம் எட்டும் ஏணி போட்டிக் கம்பெனியிடம்தான் இருந்தது.