எழுந்து நின்றவர்கள்

பேருந்து நிலையத்தில் கோடைதோறும் தண்ணீர்ப் பந்தல் போட்ட மாசிலாமணி செத்துப்போனதற்குச் சட்டசபையில் இரங்கல் தீர்மானம் வாசித்தார்கள். அதே நிலையத்தின் எதிர்ப்பக்கத்தில் மோர்ப் பந்தல் போடும் வைரக்கண்ணுவுக்கு டிவியைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. தொகுதி எம்.எல்.ஏ. தழுதழுத்துப் பேசினார்.

"அவன் ஊத்துனது வெறும் தண்ணி. நான் மோரு ஊத்துறேன். என்னைய ஒரு பய கேட்டானா?" என்று மனைவியிடம் பொருமினார்.

புஷ்பவல்லி டிவியைப் பார்த்தபடி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

மௌன அஞ்சலிக்காக உறுப்பினர்கள் எல்லோரும் எழுந்தார்கள். அவளும் முறத்தை நகர்த்திவிட்டு எழுந்து நின்றாள்.

"ஏய், நீ எதுக்குடி எந்திரிக்கிற?"

அவள் திரும்பாமலே, சும்மா இருக்கும்படி கையைக் காட்டினாள். வைரக்கண்ணு வாயை மூடிக்கொண்டார்.

சட்டசபை முழுக்க உட்கார்ந்துவிட்டது. புஷ்பவல்லி உட்காரவில்லை.