அடியில் எழுதிய பெயர்கள்

கடலிலேயே குடியிருக்கப் போகும் குடும்பங்களுக்குப் பேசும் வீட்டுப்படகை இலவசமாகக் கொடுத்தார்கள். பழைய படகை மட்டும் ஒப்படைத்துவிட வேண்டுமாம். அமலோற்பவத்துக்கு அங்கேயே உதைத்தது.

“எங்க பழசுக்கு ஒத்தை அடி. பேயாட்டம் சாயும், ஆனா தானா நிமிந்துரும். நீ எப்படி?” என்று புதுப்படகிடம் கேட்டாள்.

“எனக்கு ரெட்டை அடிம்மா, ரெண்டு படகைச் சேத்துக் கட்டுன மாதிரி. சாயவே மாட்டேன். அடுப்புல வச்ச பானைகூட அசையாது,” என்று குழைந்தது படகு.

“அதான் சொல்லுதுல்லா, ஏறு,” என்றான் சோற்றுப்பானையோடு நின்ற அவள் கணவன் சவரிமுத்து.

அடியைத் தடவிப் பார்க்காமல் அவள் எந்தப் படகிலும் ஏறியதில்லை. கரையில் முட்டுக்கொடுத்து நின்ற படகுக்கடியில் குனிந்து நுழைந்தாள். அங்கே ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு கதவு இருந்தது. பக்கத்திலேயே ஆரஞ்சுப் பெயிண்டில், முழ உயர எழுத்தில், அவள் பெயர், கணவன் பெயர், பிள்ளைகள் இருவர் பெயர்.

“கடலைப் பாத்த பக்கம் எங்க பேரு எதுக்கு? மீனு படிக்கவா?”

படகு அதே குழைவோடு சொன்னது:

“இல்லம்மா. நான் கவுந்துட்டா, ஹெலிகாப்டர்ல தேடி வர்றவங்க படிக்க.”

சவரிமுத்து பானையைக் கொண்டுபோய்ப் பழைய படகிலேயே வைத்தான்.