தொட்டி விளக்கு

ஞாயிற்றுக்கிழமை மதியம். காக்ஸ் டவுன் வீட்டின் உள்ளறையில் எஸ்தர் மீன்தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு, கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்டிக்கொண்டிருக்கிறாள். கையில் மகன் ரூபனின் பள்ளிக்கூட ஸ்கேல். பச்சைத் துணுக்குகள் கிளம்பித் தண்ணீர் கலங்க, ஆரஞ்சு மீன்கள் இரண்டும் மூலையில் ஒதுங்கி நிற்கின்றன. அவள் கணவர் அற்புதராஜ் நிலைப்படியில் சாய்ந்தபடி பார்க்கிறார். "மீன் கடைக்காரரு சொன்னாரே, எஸ்தர். மருந்து ஒண்ணும் வேணாம், ராத்திரியில லைட்டை அணைச்சாலே பாசி கொறைஞ்சிடும்னு." "காதுல விழுந்துச்சுங்க." ஸ்கேல் கண்ணாடியில் கிரீச்சிடுகிறது. ரூபன் அமெரிக்கா போன நாளிலிருந்து, இப்படிக் கழுவும் நேரம் தவிர, அந்த விளக்கு அணைந்ததில்லை. அவன் கட்டிலில் சுருக்கமில்லாத விரிப்பு. வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே இருக்கிறார்கள். எஸ்தர் கையை வெளியே எடுத்து நைட்டியில் துடைக்கிறாள். "பாசிதானே, சுரண்டிக்கலாம் விடுங்க." ஜன்னலில் வெயில் நன்றாக அடிக்கிறது. அவள் தொட்டி விளக்கின் சுவிட்சைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போகிறாள். விளக்கு வெளிச்சத்தில், தொட்டியின் பின்பக்க மூலையில் விட்டுப்போன பச்சைக் கோடு ஒன்று தெரிகிறது. அற்புதராஜ் சற்று நேரம் சுவிட்சையே பார்க்கிறார். பிறகு சட்டைக்கையை மடித்து விட்டுக்கொண்டு ஸ்கேலை எடுக்கிறார்.