தார்ப்பாய்க்கு அடியில் ஒரு வண்டி

“ஓநாய் வந்ததுல உங்களைவிட நட்டப்பட்டவங்க யாரு அண்ணி?”

கொழுந்தன் கேட்டதில் நியாயம் இருந்தது. அவளுடைய டிங்கரிங் பட்டறைக்குச் சோறு போட்டதே மான்கள்தான். காட்டுச் சாலையில் மான் மோதி நசுங்கிய வண்டிகள் வாசலில் வரிசைகட்டி நிற்கும். அந்தக் காட்டில் என்றோ அற்றுப்போயிருந்த ஓநாய்கள் வேறு காட்டிலிருந்து தாமாகவே திரும்பி வந்து, சாலையோரம் நடமாடத் தொடங்கியதும் மான்கள் அந்தப் பக்கம் தலைகாட்டுவதில்லை. பட்டறை ஈயாடியது.

“என் ஆட்டுல மூணு போச்சு. ரெண்டு பேருமா ஃபாரஸ்ட் ஆபீஸ்ல போய்ச் சொன்னா சுட உத்தரவு கொடுத்துடுவாங்க. கிளம்புங்க.”

“வேலை இருக்கு தம்பி.”

“அந்த ஒத்தை வண்டியா?” மூலையில் தார்ப்பாய் போர்த்தியிருந்ததைப் பார்த்துச் சிரித்தான். “யாரு அந்த மகராசன்?”

“மகராசன்தான். என் பொண்ணு வேலைக்குப் போக வண்டி கேட்டுட்டே இருந்தா. அந்த ரோட்டுல ஓட்டவே கூடாதுன்னு இத்தனை வருஷம் தடுத்து வச்சிருந்தேன். இப்போ எனக்குப் பயமில்லை. அந்த ஓநாய்ங்க நல்லா இருக்கட்டும்.”

அவள் தார்ப்பாயை விலக்கினாள். நசுங்கிய முன்பக்கத்தில் பாதியைத் தட்டி நிமிர்த்தியிருந்தாள். அந்த நீல வண்டி எப்போதோ காயலான் கடைக்குப் போயிருக்கும் என்றுதான் அவன் நினைத்திருந்தான். மான் குறுக்கே பாய்ந்த அன்று அதில்தான் அவனுடைய அண்ணன் உயிர்விட்டார்.

அவன் மிச்சமிருந்த பள்ளத்தை மெல்லத் தடவிப் பார்த்தான். தரையில் கிடந்த சுத்தியலை எடுத்து அண்ணியின் கையில் கொடுத்துவிட்டு வெளியே நடந்தான்.