இடது காலுக்கு வேலையில்லை

மாஸ்டரின் வலது கை மூன்றாவது முறையாக அவளுடைய இடது முழங்காலின் மேல் வந்து உட்கார்ந்தது.

“ஆட்டோமேட்டிக்ல இந்தக் காலுக்கு வேலையே இல்ல தங்கச்சி. ஆக்சிலேட்டரும் வலது கால்தான், பிரேக்கும் வலது கால்தான். இது சும்மா இருக்கணும். ஆனா இருக்காது. அதான் நான் பிடிச்சுக்கறேன்.”

ஈரக் கை. துணியைத் தாண்டி அந்த ஈரம் தோலில் பட்டது. அட்டை ஒன்று ஏறி ஒட்டிக்கொண்டு இறங்க மறுப்பதைப் போலிருந்தது.

பயிற்சிப் பள்ளியின் அந்தச் சின்ன கார் முழுக்க அவருடைய வாடைதான். வாயில் மென்றுகொண்டிருந்த ஏலக்காய் மிட்டாய், சீட்டு முதுகில் போட்டிருந்த அழுக்குத் துண்டு, ஜன்னலைத் திறக்கவிடாமல் ஓடிக்கொண்டிருந்த ஏசி. ஸ்டியரிங் உறைகூடப் பிசுபிசுத்தது. எச்சிலைக் கூட்டி விழுங்கினாள்.

கியர் வண்டி ஓட்டிப் பழகியவர்கள் கிளட்ச் என்று நினைத்து இடது காலால் பிரேக்கை மிதித்துவிடுவார்களாம். வண்டி குத்திட்டு நிற்குமாம். பின்னால் வருகிறவன் வந்து இடிப்பானாம்.

அவர் சொன்னதெல்லாம் சரிதான். அதுதான் இன்னும் அருவருப்பாக இருந்தது. உண்மையான பாடம் ஒன்றை எடுத்து அதற்கடியில் கையை ஒளித்துவைத்திருந்தார்.

“நான் கியர் வண்டியே ஓட்டினதில்ல மாஸ்டர். கையை எடுங்க.”

“கூச்சப்பட்டா வண்டி வராதும்மா,” என்று சிரித்தார். பல்லிடுக்கில் மிட்டாய்த் துணுக்கு.

பள்ளியின் பெயர்ப்பலகையில் ‘பெண்களுக்குத் தனிக் கவனம்’ என்று சிவப்பில் எழுதியிருந்தது அவளுக்கு நினைவுக்கு வந்தது. உள்ளே சுவர் முழுக்க, லைசென்ஸைப் பிடித்துக்கொண்டு மாஸ்டர் பக்கத்தில் நிற்கும் பெண்களின் படங்கள். காலையில் பணம் கட்டக் காத்திருந்தபோது ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். யாருமே மாஸ்டர் இருந்த பக்கம் சாய்ந்து நிற்கவில்லை.

கார் கிடங்குகளுக்குப் பின்னாலிருந்த நீளச் சாலையில் திரும்பியது. முற்பகல் பதினொரு மணிக்கும் ஆள் நடமாட்டமில்லாத சாலை. இங்கேதான் திருப்பச் சொன்னார்.

அவர் பெல்ட் போட்டிருக்கவில்லை. அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருந்தது. ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மடக்கிச் சீட்டின் மேல் வைத்துக்கொண்டு, அவள் பக்கமாகச் சரிந்து உட்கார்ந்திருந்தார்.

கை முழங்காலிலிருந்து மேலே நகர்ந்தது.

அவள் நடுக் கண்ணாடியைப் பார்த்தாள். பின்னால் யாருமில்லை. பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். சைக்கிள்கூட இல்லை. வேக முள் முப்பத்தைந்தில் இருந்தது.

வலது காலை எடுத்தாள். இடது காலைத் தூக்கி, பிரேக்கைத் தரையோடு தரையாக மிதித்தாள்.

மாஸ்டர் முகத்தோடு போய் டாஷ்போர்டில் மோதினார். வாயிலிருந்த மிட்டாய் தெறித்து முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது.

அதே மூச்சில் அவள் கியரைப் பார்க்கிங்கில் தள்ளி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, நாலு பக்க விளக்கையும் போட்டுவிட்டிருந்தாள்.

அவர் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. தலையைப் பின்னால் சாய்க்கப் போனார்.

“சாய்க்காதீங்க. முன்னால குனிஞ்சு மூக்கை அழுத்திப் பிடிங்க. வாயால மூச்சு விடுங்க.”

விரலை நீட்டி அவர் கண் எதிரே இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தாள். கண்கள் ஒழுங்காகத் தொடர்ந்தன. சாகிற அடி இல்லை.

மாஸ்டர் மின்னிக்கொண்டிருந்த விளக்கையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “உனக்கு வண்டி ஓட்டத் தெரியும்,” என்றார். குரல் மூக்கால் வந்தது.

பன்னிரண்டு வருடமாக அவள் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாள். கியர் வண்டி. அதை அவரிடம் சொல்லவில்லை.

“போலீஸ்ல சொல்றேன், இரு.”

“வாங்க, சேர்ந்தே போலாம். இடது காலால பிரேக் போட்டாள்னு நீங்க சொல்லுங்க. ஏன் போட்டேன்னு நான் சொல்றேன்.”

மாஸ்டர் அந்த அழுக்குத் துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

அவள் இறங்கினாள். கைப்பையிலிருந்த கிருமிநாசினியை முழங்காலில் பாதி பாட்டில் ஊற்றித் துடைத்தாள். நடந்தாள். கிடங்குச் சுவர் முடிகிற இடத்தில் சாக்கடையோரம் குனிந்து வாந்தியெடுத்தாள்.

எல்லாம் வெளியே வந்த பிறகும் குமட்டல் நிற்கவில்லை. அது இப்போது மாஸ்டரை நினைத்து வருவதல்ல.

அவளுடைய தங்கை இதே பள்ளியில் ஐந்து நாள் வகுப்புக்குப் போனாள். பிறகு போகவில்லை. எத்தனை கேட்டும் காரணம் சொல்லவில்லை. குளியலறையில் ஒரு முழங்காலை மட்டும் தோல் சிவக்கத் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் அக்காவுக்குப் புரிந்தது.

காரணம் சொல்லவில்லை என்பதுகூடச் சரியில்லை. இரண்டாம் நாள் வகுப்பு முடிந்து வந்ததும், வேலைக்குக் கிளம்ப ஷூ மாட்டிக்கொண்டிருந்த அக்காவின் பக்கத்தில் வந்து வெகுநேரம் நின்றாள்.

“ஆட்டோமேட்டிக் கார்ல இடது காலை எங்கக்கா வெச்சுக்கணும்?”

பன்னிரண்டு வருட ஓட்டுநர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பதில் சொன்னாள்.

“அதுக்கென்ன, ஆட்டாம அசைக்காம ஓரமா வெச்சுட்டு, மாஸ்டர் சொல்றபடி கேளு.”

தங்கை அதற்குப் பிறகும் மூன்று நாள் போனாள்.